வாத்தியாரின் பேரன்

மஃரிபு தொழுகை முடிந்து ஆட்கள் கலைகிற நேரம், சாய்ந்தமருது பிரதான வீதியில், ஒரு காலத்தில் மரக்கதவும் பலகை வாங்குமாக ஒரு தையல்கடை இருந்த இடத்தில் இப்போது வாட்டிய கோழி விற்கிறார்கள், கண்ணைக் குத்தும் நீல வெளிச்சம், ஒலிபெருக்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போகிற கூட்டம். கடை வாசலில் இரும்புத் தொட்டிக்குள் சிரட்டைக்கரியைக் கொட்டி ஒரு பொடியன் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான், இறைச்சி இன்னும் தணலில் ஏறவில்லை, கரி சிவந்து வரும்போது எழும் அந்த உலர்ந்த, கொஞ்சம் இனித்த வாசம் மட்டும் வீதிக்கு வந்தது, மழைக்கால ஈரத்துணியின் மேல் ஊர்ந்துபோகும் ஸ்திரிக்கைப் பெட்டியின் வாசம் அது, எனக்கு வேறு எதுவாகவும் அது வரவில்லை.

எங்கள் வீடு கல்முனையில், மெதடிஸ்த ஆலயத்துக்குக் கிட்ட, ஆனாலும் நத்தார் உடுப்புத் தைப்பதற்கு அம்மப்பாவின் சைக்கிள் பாரில் குந்திக்கொண்டு கல்முனைக்குடியைத் தாண்டிச் சாய்ந்தமருதுக்குத்தான் வருவோம். நத்தார் இந்தக் கரையில் மாரியோடு வருகிற பண்டிகை, சுவர் வியர்த்திருக்கும், கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது, தைத்து முடித்த சட்டையிலும் ஈரம் இருக்கும், அதனால் தையல்காரக் காக்கா கடைசியில் எல்லாத் துணியையும் கரிப்பெட்டியால் அழுத்தித்தான் தருவார். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் காக்காதான். கழுத்தில் அளவு நாடா, காதில் சோக்கட்டி, என் அளவுகளை பிறிஸ்டல் சிகரெட் பெட்டியைப் பிரித்த உள்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார், காற்சட்டை அடியில் நாலு விரல் அகலம் உள்ளே மடித்து வைத்துவிட்டு, "அடுத்த பெருநாளைக்கும் இத அவிழ்த்து விடலாம் மகன்" என்பார், எங்கள் நத்தாரையும் அவர் பெருநாள் என்றேதான் சொன்னார்.

என்னைக் கடையில் விட்டுவிட்டு அம்மப்பா யாரையோ பார்க்கப் போயிருப்பார், அப்போது அஸர் பாங்கு கேட்கும், காக்கா மெசினிலிருந்து காலை எடுத்து, வாளித் தண்ணீரில் முகம் கை கால் கழுவி, தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு, காசு போடும் தகரப் பெட்டியை எனக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார். "கடையப் பாத்துக்கங்க மகன், தொழுதிட்டு வாறன்." ஒருமுறை பக்கத்துக் கடைக்காரர், சின்னப் புள்ளையிட்ட காசுப் பெட்டியையா விட்டுட்டுப் போற என்று கேட்டதற்கு, "வாத்தியார்ர பேரன், வேதக்காரப் புள்ள, காசில கை வைக்காது" என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டு நடந்தார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிறு பாடசாலையில் பத்துக் கட்டளையை ஒப்பித்துப் பரிசு வாங்கியவன்தான் நான், ஆனால் நான் யார் என்பதை எனக்கு முதலில் சொன்னது அந்தத் தையல்கடை வாங்குதான், என்னைக் கிறிஸ்தவன் என்று நம்பி ஒருவர் கடையை விட்டுவிட்டுத் தொழப் போகிறார், அப்படியானால் நான் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அம்மம்மா வேறு விதமாகச் சொல்லித் தந்தாள், அவள் எதையும் வாயால் சொல்பவள் அல்ல. உலைக்கு அரிசி களைய முன்னர், சுளகில் எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, அடுக்களை மூலையில் இருந்த லக்ஸ்பிறே டின்னுக்குள் போடுவாள், காலையும் அதுதான், இரவும் அதுதான், வீட்டில் அரிசி குறைவான நாட்களில் பிடி சின்னதாகுமே தவிர இல்லாமல் போகாது. போடும்போது வாய் அசையும், ஒவ்வொரு பிடிக்கும் யாராவது ஒருவரின் பெயர், நோயாளி, கடல்மேல் போனவன், பிள்ளைப்பேறு பார்த்திருப்பவள். டின் நிறைந்தால் ஆலயத்துக்குப் போகும், அல்லது படலையில் வந்து நிற்பவருக்குப் போகும், இரண்டுக்கும் இடையில் அவள் பேதம் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. முக்காடிட்டு மீன் கொண்டுவரும் முஸ்லிம் பெண்களோடு திண்ணையில் இருந்து அவள் வெற்றிலை போடும்போது பேச்சு எப்படியும் குடிவழிக்குத்தான் வந்து சேரும், தாய் வழியாக வருகிற குடி, இந்தக் கரையில் தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு, பள்ளிவாசல் மரைக்காயர்களைக்கூடக் குடி பார்த்தே தெரிந்தெடுத்த ஊர்கள் இவை, அம்மம்மா ஞானஸ்நானம் பெற்றும் தன் குடியை மறக்கவில்லை, அதில் அவளுக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

காக்காவுக்குக் கதை கேட்பதில் ஆசை, இந்தக் கிழமை உங்கட வேதப் பள்ளியில என்ன படிச்சீங்க என்று கேட்பார், யோசேப்பின் கதையை நான் தொடங்கினால் யூசுப் நபி என்று அவர் முடிப்பார். ஒரு மார்கழியில் நான் பெத்லகேம் மாட்டுத் தொழுவத்தைச் சொல்ல, அவர் பட்டன் துளை தைத்தபடியே, மர்யம் நாயகிக்கு நோவு வந்தது பேரீச்ச மரத்தடியில் என்றும், மரத்தை உலுக்கச் சொல்லிப் பழம் விழுந்தது என்றும், அடியில் தண்ணீர் ஓடியது என்றும் சொன்னார், நேரில் பார்த்தவர்போல அவ்வளவு உறுதியாக. நான் குழம்பிப்போய் வீட்டுக்கு வந்து அம்மப்பாவிடம் சொன்னேன். அவர் சாய்மனைக் கதிரையில் இருந்து எழும்பி, கண்ணாடியைத் துடைத்து, பெரிய வேதாகமத்தை எடுத்து வந்தார், பூச்சியுருண்டையும் பழைய கடதாசியும் கலந்த மணம் அதற்கு, முதல் வெற்றுப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பிறப்புகளும் இறப்புகளும் மூன்று தலைமுறைக் கையெழுத்துகளில், என் பெயர் கடைசியில், அவருடைய சரிந்த எழுத்தில். லூக்காவின் இரண்டாம் அதிகாரத்தை மெதுவாக வாசித்தார், மூடினார். "அவர்ர வேதத்துல அப்பிடித்தான் இரிக்கி மனே, அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார். எங்கட வேதத்துல இப்பிடி இரிக்கி. உன்னட்டக் கேட்டா நீ இதத்தான் சொல்லணும். ஆனா அவர் சொல்லக்குள்ள குறுக்கப் பேசப்படாது."

எல்லா மதமும் ஒன்றுதான் என்று அந்த இரண்டு பேரும் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அதை மேடைகளில் அடிக்கடி கேட்கிறேன், குத்துவிளக்கேற்றி, நாலு மதத் தலைவர்களை வரிசையாக உட்கார வைத்து, சகவாழ்வு என்று பதாகை கட்டி, மத்தியானச் சாப்பாட்டோடு முடிகிற கூட்டங்களில், கேட்கும்போதெல்லாம் மனது ஒட்டாமல் விலகுகிறது. பேரீச்ச மரமும் முன்னணையும் ஒன்றல்ல, அது தெரிந்துதான் காக்கா எனக்குச் சட்டை தைத்தார், அது தெரிந்துதான் அம்மப்பா வேறு தையல்காரரைத் தேடவில்லை.

அம்மப்பா மிசன் பாடசாலையில் ஆசிரியராகத் தொடங்கியவர், 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தபோது அதே வகுப்பறையில் அதே கரும்பலகைக்கு முன்னால் அரசாங்க ஆசிரியராக நின்றவர். சபைக் கூட்டங்களுக்கு மட்டக்களப்புக்குப் போகும்போது என்னையும் பஸ்சில் கூட்டிப்போவார், கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றாகப் பின்னே போகும், வாவிக் காற்றில் சேற்று மணமும் உப்பு மணமும் வரும், அப்போது வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் கதையைத் தொடங்குவார். 1813 கடைசியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட மெதடிஸ்த மிசனரிக் கூட்டத்தின் தலைவர் தோமஸ் கோக் கப்பலிலேயே இறந்தார், ஓல்டின் மனைவியும் வழியிலேயே இறந்து கடலில் அடக்கமானார், தனி மனிதராக மட்டக்களப்புக்கு வந்த ஓல்ட் ஓராண்டுகூட இருக்கவில்லை, 1815இல் இறந்துவிட்டார், அதற்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கியிருந்தார். அவர் எத்தனை பேரை வேதத்துக்குக் கொண்டுவந்தார் என்று நான் கேட்டதற்கு, அம்மப்பா வாவியைப் பார்த்துக்கொண்டே, அது கணக்குப் பார்க்கிற வேலையில்லை என்றார். வேறு கணக்கு ஒன்று அவரிடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, அவரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கிவிட்டு, பிறகு சைவத்துக்காகவே வாழ்நாளைக் கொடுத்த ஆறுமுக நாவலர், எங்களுக்குப் பக்கத்துக் காரைதீவில் 1892இல் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பள்ளியில் படித்து, இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக உயர்ந்த விபுலாநந்த அடிகள், இந்த இருவரையும் தன் பள்ளியின் பிள்ளைகளாகவே அவர் சொன்னார், அவர்கள் கிறிஸ்தவர்களாகவில்லையே என்ற ஏக்கத்தை அந்தக் குரலில் நான் கேட்டதில்லை, வேதத்தை அவ்வளவு கிட்ட வைத்துப் படித்த ஒருவன் தான் யார் என்று தெரிந்துகொண்டு வெளியே போவதும் பள்ளிக்கூடத்தின் பயன்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

1985இல் தமிழர், முஸ்லிம் கலவரத்தில் காரைதீவில் வீடுகள் எரிந்தன, 1990இல் கல்முனையிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்த கொலைகளை இந்தக் கரையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் நாங்கள் சாய்ந்தமருதுக்குப் போகவில்லை, காக்காவும் வரவில்லை, நத்தாருக்கு அம்மா வீட்டிலேயே தைத்தாள், கை நீளம் சரியாக வராது. அம்மம்மா அந்த நாட்களில்தான் போய்ச் சேர்ந்தாள், டின் அம்மாவின் கைக்கு வந்தது.

2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், காலை ஆராதனைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரத்தில் கடல் வந்தது. நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம், 10,000க்கும் மேல், மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு வரை கரையோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியவில்லை. அம்மா டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனாள், கிடாரத்தில் அது எந்த மூலைக்குக் காணும், இருந்தாலும் கொட்டினாள். சில மாதங்கள் கழித்து ஒரு பின்னேரம் காக்கா படலையில் நின்றார், நரைத்து, மெலிந்து, தொப்பி மட்டும் வெள்ளையாக. மனைவியின் ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போது, "நீங்களும் துஆக் கேளுங்க தங்கச்சி" என்றார். "கேக்கிறன் காக்கா" என்றாள் அம்மா, அன்றிரவு உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து அந்த மனிசியின் பெயரைச் சொன்னாள், பிறகு தான் இருந்த காலமெல்லாம் சொன்னாள்.

காக்காவும் போய்விட்டார். அவருடைய மகன்தான் 2019இல் வந்தவர். ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலர், ஐந்தாம் நாள் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமத்து வாடகை வீடொன்றில் அந்தக் குண்டை வெடிக்கவைத்த தீவிரவாதக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் தங்கள் பெண்களோடும் 6 பிள்ளைகளோடும் வெடித்துச் செத்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள்மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர்க்காரர்களே, அதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன். ஊரடங்கு தளர்ந்த ஒரு நாளில் அவர் வந்து படலைக்கு வெளியே நின்றார், உள்ளே வரவா கூடாதா என்று தெரியாத நிற்றல். அம்மாவுக்குக் கண் மங்கியிருந்தது, குரலை வைத்தே கண்டுபிடித்து, "என்ன மகன் வெளிய நிக்கிற, உள்ளுக்கு வா" என்றாள். மன்னிப்புக் கேட்க அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை, மன்னிக்க எங்களிடமும் ஒன்றும் இருக்கவில்லை, ஆனாலும் அந்த நாட்களில் ஆலயங்கள் பூட்டியிருக்க, கிறிஸ்தவனாக நான் என்ன செய்ய வேண்டும் என்று அறையைச் சாத்திக்கொண்டு ஜெபித்தபோது வராத தெளிவு, அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் ஏறியபோது வந்தது.

கோழிக்கடைக்கு எதிரே காக்காவின் மகனுக்கு இப்போது ஆயத்த ஆடைக் கடை, கண்ணாடிக் கதவு, எல்லாச் சட்டையும் ஒரே அளவில் மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள். பழைய மெசின் பின்னறையில் இருக்கிறது. ஆலயத்திலும் பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன, கீர்த்தனைப் புத்தகத்தைத் தேய்ந்த மூலையில் பிடித்துத் திறக்கும் கைகள் இல்லை, வீடுகளில் அரிசிக் குக்கரோடு அளவுக் கோப்பை வந்துவிட்டது, அதில் பிடிக்கு வேலையில்லை.

சில காலமாக ஞாயிறு பாடசாலையில் மேல்வகுப்பை நான் எடுக்கிறேன், முன்பெல்லாம் கேட்டால் நேரமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன். போன கிழமை நத்தார் நாடகத்துக்குப் பழகும்போது, முன்னணையை எங்கே வைப்பது என்ற பேச்சில், பேரீச்ச மரத்தடியையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன், குர்ஆனில் அப்படி இருக்கிறது, பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் அறிந்திருக்கிறார்கள் என்று. ஒரு பெண்பிள்ளை கை உயர்த்தி, அப்ப நீங்க எத நம்புறீங்க சேர் என்று கேட்டாள். லூக்கா எழுதியதைத்தான் நம்புகிறேன் என்றேன், சுற்றி வளைக்காமல். அவள் தலையாட்டிவிட்டு, யோசேப்புக்கு அங்கி இல்லை என்றாள், போன வருசத்து அங்கி கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. மருதமுனைக் கைத்தறித் துணி எடுத்து வைத்திருக்கிறேன், பின்னறை மெசினுக்கு எண்ணெய் விட்டுத் தைத்துத் தருகிறேன் என்று காக்காவின் மகன் சொல்லியிருக்கிறார், வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை அளவெடுக்கப் பொடியனைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்.