நான் எழுத மறுத்த எண்

பிராக்கெட் ரேஸிங் ஒரு பந்தயமே இல்லை என்று வாய் கூசாமல் சொல்லித் திரிந்தவன் நான். அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய காரை வாங்கி, வார இறுதிகளில் கால் மைல் டிராக்கில் ஓட்டத் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே அதைச் சொல்ல ஆரம்பித்தேன். புதிதாக வந்த நம் பையன்களுக்கும் அதையே ஓதினேன். கிளாஸ் ரேஸ்தான் ரேஸ், மற்றது கணக்குப் பரீட்சை என்றேன். உள்ளே இருந்த காரணம் வேறு. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

வாலி பார்க்ஸ் 1951-ல் தொடங்கிய, நேர்கோட்டுக் கார் பந்தய (டிராக் ரேஸிங்) அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்புத்தகத்தில் ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் என்று பிரிவுகள் உண்டு. அமெச்சூர்களின் கிளாஸ் பந்தயம் என்றால் பெரும்பாலும் இவைதான். காரின் எடையை, இன்ஜினுக்கு அமைப்பு விதித்திருக்கும் குதிரைத்திறனால் வகுத்து, வருகிற விகிதத்தை வைத்து ஒவ்வொரு காருக்கும் ஓர் எழுத்து வகுப்பு தருவார்கள். ஸ்டாக் பிரிவில் கட்டுப்பாடு கடுமை. கேம்ஷாஃப்ட் வால்வைத் தூக்கும் உயரம் தொழிற்சாலை அளவைத் தாண்டக்கூடாது. வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை மாற்றிக்கொள்ளலாம். இப்படி விட்டுவைத்த சின்னச் சின்ன இடங்களில்தான் நல்ல மெக்கானிக்குகள் தங்கள் வித்தையைக் காட்டுகிறார்கள். ஒரே வகுப்புக் கார்கள் மோதும்போது இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விளக்கு. முதலில் கோட்டைத் தொடுபவர் ஜெயிக்கிறார். இண்டியானாபோலிஸில் நடக்கும் யு.எஸ். நேஷனல்ஸில் வகுப்புப் பட்டம் வெல்வதை ஆயுள் கனவாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வென்றவரின் இன்ஜினைப் பிரித்து அளந்து பார்த்த பிறகுதான் பட்டம் உறுதியாகும்.

பிராக்கெட்டில் உன் இன்ஜினை யாரும் பிரிப்பதில்லை. அதற்குள் என்ன வைத்திருக்கிறாய் என்பது யாருக்கும் கவலையில்லை. பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு எந்தக் காரும் வரலாம். கேட்பது ஒன்றே ஒன்று: உன் கார் இந்தக் கால் மைலை எத்தனை நொடியில் ஓடும்? அந்த எண்ணை ஓடுவதற்கு முன்பே ஷூ பாலிஷால் கண்ணாடியில் எழுத வேண்டும். அதுதான் டயல்-இன். ஒருவர் 14.50, இன்னொருவர் 11.20 என்று எழுதினால், மெதுவான காருக்கு 3.30 நொடி முன்னதாகவே பச்சை விழும். இருவரும் சொன்னபடியே ஓடி, ஒரே மாதிரி புறப்பட்டால், இரண்டும் ஒரே கணத்தில் கோட்டைத் தொடும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் பிரேக்-அவுட், தோல்வி. எதிராளியும் அதே தப்பைச் செய்தால் குறைவாக மீறியவர் ஜெயிக்கிறார். பச்சைக்கு முன்பே கிளம்பினால் சிவப்பு விளக்கு, அத்துடன் சரி. மணிக்கு நூறு மைல் வேகத்தில் நூறில் ஒரு நொடி என்பது ஏறத்தாழ ஒன்றரை அடி. மதிய வெயிலில் காற்று லேசாகிவிட்டால் காலையில் எழுதிய எண் பொய்யாகிவிடும். அதனால்தான் பிராக்கெட் ஓட்டுநர்கள் கையில் வானிலைக் கருவியோடு அலைகிறார்கள்.

இந்த டயல்-இன் விதியின் முன்தான் என்னால் நிற்க முடியவில்லை. என் கார் வழக்கமாக ஓடிய நேரம் சுமார் 13.60 நொடி. நான் எழுதியது 13.40. எப்போதோ ஒரு குளிர்ந்த மாலையில் ஒருமுறை ஓடிய எண் அது. பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணாடியைப் பார்த்து என் காரை மெதுவானது என்று நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே அதை எழுதினேன். ஒவ்வொரு முறையும் தோற்றேன், அதே எண்ணை மறுபடி எழுதினேன். பிறகு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். 13.80 என்று எழுதிவிட்டு, கடைசி அடிகளில் பிரேக்கை மிதித்து எண்ணைச் சரிக்கட்டப் பார்த்தேன். பலர் செய்வதுதான். ஆனால் எனக்கு அந்தக் கைப்பக்குவம் இல்லை. ஒருநாள் கார் பின்புறம் வழுக்கி அடுத்த லேன் வரை போய் வந்தது. அங்கே இருந்தவர் தப்பித்தது என் புண்ணியத்தால் அல்ல. அவரிடம் டயரில் கோளாறு என்று சொன்னேன். டயரில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் பிராக்கெட் பந்தயமே இல்லை என்ற தத்துவம் எனக்குள் முளைத்தது. அந்தக் காரை விற்று, கடன் வாங்கி, ஸ்டாக் வகுப்பில் ஓடுகிற ஒரு காரை வாங்கினேன். கிளாஸில் தோற்றால் காரணம் சொல்ல இடமுண்டு: விதி சரியில்லை, குதிரைத்திறன் கணக்குச் சரியில்லை, எதிராளியிடம் பணம் அதிகம். பிராக்கெட்டில் தோற்றால் நானே என் கையால் எழுதிய எண் கண்ணாடியில் இருக்கிறது. எனக்கு வேண்டியது வேகம் இல்லை. குற்றம் சாட்ட ஓர் ஆள்.

ஆள் கிடைத்தார். ஒரு வகுப்புப் போட்டியின் இறுதிச் சுற்றில் என்னை ஒருவர் தோற்கடித்தார். அவர் இன்ஜினில் ஏதோ சட்டவிரோதமாக இருக்கிறது என்று கார்கள் நிற்கும் பிட் முழுக்கச் சொன்னேன். இன்ஜினைப் பிரித்தார்கள். ஹெட் முதல் பிஸ்டன் வரை அளந்தார்கள். எல்லாம் விதிப்படி இருந்தது. நான் அத்தோடு நிறுத்தவில்லை. பரிசோதித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று அடுத்த கதையைக் கிளப்பினேன்.

அப்போது என் சட்டைப்பையில் அந்த ஓட்டத்தின் நேரங்கள் அச்சிட்ட டைம் ஸ்லிப் இருந்தது. அவர் கார் என் காரைவிட நூறில் இரண்டு நொடிதான் வேகம். பச்சை விளக்குக்குப் புறப்பட அவர் எடுத்துக்கொண்டது .030, நான் எடுத்துக்கொண்டது .150. அதாவது, காரின் வித்தியாசத்தைப்போல் ஆறு மடங்கை நான் புறப்படும் இடத்திலேயே விட்டிருந்தேன். இதை எல்லாம் தெரிந்துதான் பேசினேன். ஸ்லிப்பை யாருக்கும் காட்டவில்லை.

இன்னொன்றையும் மறைத்தேன். ஸ்டாக் பிரிவின் எலிமினேட்டர் சுற்றுகளில் வெவ்வேறு வகுப்புக் கார்கள் மோதும்போது, நான் புகழ்ந்த அதே கிளாஸ் வீரர்களும் கண்ணாடியில் எண் எழுதித்தான் ஓடுகிறார்கள். பிரேக்-அவுட் அவர்களுக்கும் உண்டு. பிராக்கெட்டை இழிவாகப் பேசிய கிளாஸ் வீரர் யாரையும் நான் பார்த்ததில்லை. அப்படிப் பேசியவன் நான் ஒருவன்.

பிறகு, நான் பழி சொன்ன அந்த மனிதரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கொண்டார், பதில் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆனால் நான் கிளப்பிய பேச்சு இன்னும் சில பிட்களில் உலவுகிறது. என் வாயால் அதைக் கேட்டு நம்பியவர்களுக்குச் சொல்கிறேன்: அவர் இன்ஜின் சுத்தமானது, நான் சொன்னது பொய். யார் யாரிடம் அதைத் திருப்பிச் சொன்னீர்களோ, தயவுசெய்து அவர்களிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.