அப்பாவோட இடுப்பும் லோயர் ஆர்ம் புஷ்ஷும்

அரியலூர்ல கார் வச்சிருக்கவங்களுக்கு ரெண்டு விஷயம் பழகிப்போயிருக்கும். ஒண்ணு சுண்ணாம்புக்கல் லாரி, இன்னொண்ணு சக்கரத்துக்கிட்ட வர்ற "கடக் கடக்". எங்க காரும் போன மாசம் கத்த ஆரம்பிச்சுது. லோயர் ஆர்ம் புஷ் அவுட். சக்கரத்தைத் தாங்குற கை வண்டியோட சேர்ற மூட்டுல இருக்கிற மெத்தை அது. நம்ம முதுகெலும்புல டிஸ்க் செய்யற வேலைன்னு வச்சுக்குங்களேன். அப்பாவுக்கும் டிஸ்க்தான் பிரச்னை. வாரம் ஒருதடவை பெரம்பலூருக்கு வைத்தியம், சுமார் 30 கிலோமீட்டர்.

நான் பொட்டி தட்டுறவன்னாலும் படிச்சது மெக்கானிக்கலாச்சே! ரப்பரை விட நாள்பட உழைக்கும்னு பாலியூரித்தேன் புஷ் செட் வரவழைச்சேன். செக்கச்செவேல்னு கலர் வேற.

மெக்கானிக் அண்ணன் நகத்தால அழுத்திப் பார்த்துட்டு, "தம்பி, இதுல யாரு உக்காரப் போறா?"ன்னார்.

"அப்பாதாண்ணே."

"அப்ப ரப்பரே போடுவோம்."

ஈகோ விடுமா? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். ரப்பர் புஷ் உள்குழாய், வெளிக்குழாய் ரெண்டோடவும் ஒட்டியே இருக்கு. கை ஏறி இறங்கறப்ப எதுவும் உரசாது, ரப்பரே முறுகிக் கொடுக்கும். நடுவுல ஒரு இடைவெளி. கிழிசல்னு நினைச்சேன். இல்லீங்க, டிசைனே அதான்! பள்ளத்துல விழுற அடியை வாங்க ஒரு திசைல தளர்வா, வளைவுல சக்கரம் அசையாம இருக்க இன்னொரு திசைல இறுக்கமா.

பாலியூரித்தேன் ஒட்டியிருக்காது, உள்குழாய் மேல சுத்தணும். கிரீஸ் நிக்கத்தான் உள்பக்கம் வரிவரியா பள்ளம். ரப்பரை விடக் கெட்டி. வேகமா ஓட்டறவனுக்கு ஸ்டியரிங் கச்சிதமா இருக்கும்; அப்பா இடுப்புக்கு ஒவ்வொரு ஜல்லியும் தனித்தனியா வந்து சேரும். கிரீஸோட நம்மூர் தூசி சேர்ந்தா உப்புத்தாள்தான்.

ரப்பரையே போட்டோம். அண்ணன் சக்கரம் தொங்கறப்ப போல்ட்டை இறுக்கலை. ஜாக்கியை இறக்கி, வண்டி தரையில நின்னப்புறம் அடியில படுத்து இறுக்கினார். தொங்கறப்ப இறுக்கினா ரப்பர் எந்நேரமும் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியுமாம். போன தடவை வேற இடத்துல மாட்டினது ஏன் ஒரே வருஷத்துல போச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. காலேஜ்ல நாலு வருஷத்துல இதை ஒருத்தரும் சொல்லலை :-)

வாங்கின செட்ல ஸ்டெபிலைசர் பார் புஷ் ரெண்டை மட்டும் போட்டேன். அது வளைவுல வண்டி சாயறதைக் குறைக்கறதோட சரி, குலுக்கல் அவ்வளவா ஏறாது.

அடுத்த வாரம் பெரம்பலூர் போறப்ப அப்பா தூங்கிட்டார். ஒரு வேகத்தடைல மட்டும் கண்ணைத் திறந்து, "கார்ல எலி இருக்காடா?"ன்னார்.

கிரீஸ் வைக்கணும்.