தண்ணியில நின்னே வாடுன பயிர்

எங்க வயல் நாகப்பட்டினம் கடலோரம். காவிரித் தண்ணிக்குக் கடைமடை. போன வருஷம் வாய்க்காலில் தண்ணி வரக் காணோம், நாற்றுக்கோ வயசு ஏறிக்கொண்டே போகுது. வேற வழியில்லாமல் போர்த் தண்ணியைப் பாய்ச்சி 2 ஏக்கர் குறுவை நட்டேன்.

பத்தாம் நாள் பயிர் வாடியது. வயலில் கணுக்கால் அளவு தண்ணி நிற்குது, இலை சுருண்டுபோய் நிற்குது! அப்பா வரப்பில் நின்றபடி, "தண்ணிக்குள்ள நிக்கிற பயிரு எப்படிடா வாடும்? உரம் பத்தலை" என்றார். அந்த போர் அவர் கடன் வாங்கிப் போட்டது. ஒரு காலத்தில் நாங்க குடிச்ச தண்ணி. வீட்டுக்குக் குழாய் வந்த பிறகு யாரும் அதை வாயில் வைத்ததில்லை.

இலை நுனி கருகுவதைப் பார்த்து, பொட்டாஷ் போடுங்கன்னு உரக்கடையில் சொன்னாங்க. போட்டேன். நாலே நாளில் இன்னும் மோசம்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகுதான் விஷயம் தெரிஞ்சது. உப்பு. மின்கடத்துதிறன் 6 டெசிசீமன். 3-ஐத் தாண்டினாலே நெல்லில் விளைச்சல் குறையும்.

மாவடு போடும்போது பார்த்திருப்பீங்க. உப்பு போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடி அடியில் தண்ணி நிற்கும், வடு சுருங்கிக் கிடக்கும். தண்ணி நாம ஊத்தலையே, மாங்காய்க்குள்ளேயிருந்து வந்ததுதான். உப்பு அதிகமா இருக்கிற பக்கம் தண்ணி சவ்வைத் தாண்டிப் போகும். என் வயலே ஜாடி ஆயிடுச்சு. வேருக்கு வெளியே உப்பு கூடினதால் உள்ளே தண்ணி ஏறலை.

பொட்டாஷ் கதை வேற. வேரின் சவ்வு வெறும் சல்லடை இல்லை, ஆள் பார்த்து உள்ளே விடும் வாசல். சோடியமும் பொட்டாசியமும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை. வெளியே சோடியம் கும்பலாக நின்றால் பொட்டாசியத்தின் வாசலில் அதுவும் முட்டிக்கொண்டு நுழையும், பயிருக்கு வேண்டியது வெளியே நிற்கும். உள்ளே போன சோடியம்தான் இலையைக் கருக்கியது. நான் கொட்டிய பொட்டாஷும் ஒரு உப்புதானே! எரியிற அடுப்பில் நானே விறகு வைத்திருக்கேன். கால்சியம் இருந்தால் அந்த வாசல் கொஞ்சம் ஒழுங்காகக் காவல் காக்குமாம். அதனால் ஜிப்சம் போடச் சொன்னாங்க.

குறுவையை மாடு மேய விட்டேன். நகைக்கடன் வட்டி ஓடிக்கிட்டிருக்கு. ஐப்பசி மழையில் வயலில் தண்ணியைக் கட்டிக் கட்டி மூணு தரம் வடித்தோம். 2004 சுனாமியில் கடல் ஏறிய வயல்களையும் மழைதான் கழுவியது. அப்புறம்தான் தாளடி நட்டேன். இப்போ தூர் கட்டியிருக்கு.

"போர் மோட்டாரைக் கழட்டிடலாமாப்பா?" என்று கேட்டேன். அப்பா பேசாமல் போய், ஒரு கை தண்ணி பிடித்து வாயில் வைத்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டு, "கொஞ்சம் கரிக்குதுதான்" என்றார்.