லாமாவும் பூனையும்

நண்பர் ஒருத்தர் 'தி தேர்ட் ஐ' பிடிஎஃப் அனுப்பி, "படிங்க, உள்ளே ஏதோ திறக்கும்"னார்.

ராத்திரியோட ராத்திரியா முடிச்சேன்.
நெற்றிக்கண் திறக்கல.
இருக்கிற ரெண்டும் சிவந்ததுதான் மிச்சம்.

1956ல லண்டன்ல வந்த புத்தகம். லோப்சங் ராம்பாங்கிற திபெத்திய லாமாவோட சுயசரிதைன்னு சொல்லிக்கிட்டு வந்துச்சு.
நெத்தியில துளை போட்டுத் திறக்கிற மூணாவது கண், ஆளைத் தூக்கிட்டுப் பறக்கிற பட்டம்... எல்லாம் உண்டு.

திபெத்துலயே வாழ்ந்துட்டு வந்த ஹைன்ரிஷ் ஹாரருக்குச் சந்தேகம். துப்பறிவாளரை வச்சுத் தேடினாங்க.
1958ல விஷயம் வெளிய வந்துச்சு.
லாமாவோட பேரு சிரில் ஹாஸ்கின். இங்கிலாந்து, டெவன்ல ஒரு பிளம்பர் மகன். திபெத் பக்கமே போனதில்ல.

மனுசன் அசரலையே!
"உடம்புதான் ஹாஸ்கின், உள்ள இருக்கிறது லாமா"ன்னுட்டார்.
1964ல இன்னொரு புத்தகம். அவர் வளர்த்த சயாமீஸ் பூனை டெலிபதியில சொல்லச் சொல்ல, இவர் மொழிபெயர்த்தாராம்!

சிரிச்சுட்டுப் போயிருப்பேன்.
ஆனா திபெத் ஆய்வாளர் டொனால்ட் லோபஸ் ஒண்ணு எழுதியிருக்கார். ஐரோப்பாவுல சில ஆய்வாளர்களை இந்தத் துறைக்கு முதல்ல இழுத்ததே ராம்பாவோட புத்தகம்தானாம். அவங்க திபெத்திய மொழி கத்துக்கிட்டது நிஜம், மூலநூல்களைப் படிச்சதும் நிஜம்.

பிளம்பர் மகனுக்கு ஞானம் வரக்கூடாதா என்ன? தாராளமா வரலாம்.
அப்புறம் எதுக்குய்யா அந்த லாமா வேஷம்?

வேஷம் இல்லாம, ஹாஸ்கின்ங்கிற பேர்லயே வந்திருந்தா நாம படிச்சிருப்போமா?