இன்னொன்று இருக்கிறது என்ற தைரியம்

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1912-ல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கிய டி.வி.சுந்தரம் அய்யங்கார் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கரியை எரித்துக் கிடைக்கும் வாயுவில் வண்டியை ஓட்ட ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ என்ற சாதனத்தை உருவாக்கினார். வண்டியோடு ஒரு உலை இருக்கும். அதில் கரியைக் கொட்டி, காற்றை அளவாக விட்டால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு வரும். அதை ஆறவிட்டு, வடிகட்டி, இன்ஜினுக்குள் அனுப்ப வேண்டும். பெட்ரோலில் கிடைக்கும் இழுவை இதில் கிடைக்காது. வண்டி எடுப்பதற்கு வெகு முன்பே உலையை மூட்ட வேண்டும். சாம்பலை அள்ள வேண்டும். வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அத்தனை பாட்டையும் பட்டார்கள். வேறு வழி இல்லை. போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் கரி உலைகள் காணாமல் போயின.

வீட்டுப் பெரியவர்கள் அந்தக் கரி பஸ்ஸைப் பற்றிப் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். புகையையும் தாமதத்தையும்விட, ஓட்டியவர்களின் பொறுமையைத்தான் அவர்கள் அதிகம் சொல்வார்கள். எழுபதைத் தாண்டிய இந்த வயதில், இரண்டு சக்தியில் ஓடும் வண்டி ஒன்றை இப்போது நானே ஓட்டுகிறேன். பிளக்-இன் ஹைபிரிட். மகன் பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவன் வேலைக்காக வெளிநாடு போனதும் எங்கள் கே.கே. நகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஓட்டிப் பார்த்ததில் மனதில் பட்ட சிலவற்றை இளையவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் சாலைகளில் இன்று நிறையத் தென்படும் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் எல்லாம் வேறு ரகம். அவற்றுக்குப் பிளக் கிடையாது. பிரேக் பிடிக்கும்போதும் இன்ஜின் ஓடும்போதும் தங்கள் சின்ன பேட்டரியை அவையே நிரப்பிக்கொள்ளும். நாம் பெட்ரோல் போட்டால் போதும். பிளக்-இன் வண்டியின் பேட்டரி அதைவிடப் பல மடங்கு பெரியது. இரவில் வீட்டுச் சுவரில் செருகி நிரப்பிவிட்டால், மறுநாள் முதல் சில பத்து கிலோமீட்டர் பெட்ரோலைத் தொடாமலே போகலாம். சார்ஜ் தீர்ந்ததும் இன்ஜின் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். இந்தியாவுக்கு இந்த வகை செல்வந்தர்களின் வண்டியாகத்தான் வந்தது. 2015-ல் பி.எம்.டபிள்யூ. ஐ8, 2016-ல் வால்வோ எக்ஸ்.சி.90 டி8, இரண்டும் கோடி ரூபாய்க்கு மேல். அப்படிப்பட்ட வண்டிகளின் மறுவிற்பனை விலை வேகமாக இறங்கும். அதனால்தான் எங்களைப் போன்ற குடும்பத்தின் கைக்கும் ஒன்று எட்டியது.

எங்களுடையது அந்த வால்வோதான். முன் சக்கரங்களைப் பெட்ரோல் இன்ஜினும் பின் சக்கரங்களை மோட்டாரும் சுழற்றுகின்றன. பேட்டரி ஏறத்தாழ 10 யூனிட் கொள்ளும். புதிதில் 40 கிலோமீட்டர் சுமாருக்கு ஓடும் என்றார்கள். வயதான பேட்டரி, சித்திரை வெயில், ஏசி எல்லாம் சேர்ந்தால் 25 கிலோமீட்டர் கிடைப்பதே நிறைவு. குறைவாகத் தோன்றும். ஆனால் மதுரையில் நம் அன்றாட நடமாட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கே.கே. நகரிலிருந்து கோரிப்பாளையம் வழியாக அம்மன் கோயில், மாசி வீதியில் ஒரு கடை, சிம்மக்கல்லில் ஒரு வேலை, திரும்ப வீடு. திருப்பரங்குன்றம் போய்வந்தாலும் 25-ஐ ஒட்டித்தான் வரும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கிளம்பும்போதுதான் பெட்ரோல் தேவைப்படுகிறது. நம் ஊர் வாழ்க்கைக்கு அளவெடுத்துத் தைத்தாற்போன்ற வண்டி என்றே சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை, ஒவ்வொரு இரவும் செருக வேண்டும்.

செருகாவிட்டாலும் வண்டி ஓடும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

பிரிட்டனில் 2011-ல் தொடங்கிய அரசு மானியத்தின் தயவில் நிறைய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குப் பிளக்-இன் வண்டிகளைக் கொடுத்தன. பெட்ரோல் செலவை நிறுவனம் பார்த்துக்கொண்டது. வீட்டு மின்கட்டணம் ஊழியரின் பாடு. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த வண்டிகள் சிலவற்றில் சார்ஜ் கேபிள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது. இந்தச் செய்தி 2018-ல் வெளியானது. அதே ஆண்டு அந்த வகை வண்டிகளுக்கான மானியமும் நின்றது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. வண்டிக்குள்ளேயே இருக்கும் கருவியில் பதிவான உண்மையான எரிபொருள் செலவை எடுத்து, ஆய்வகக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி இருந்தது. பிளக்-இன் ஹைபிரிட்டில் வெளியான கார்பன், சொன்னதைவிடச் சராசரியாக 3.5 மடங்கு. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் செருகவில்லை என்பதே அந்த அறிக்கை சொன்ன முதன்மைக் காரணம்.

இயந்திரத்தில் பழுதில்லை. பெட்ரோல் டேங்க் பின்னால் இருக்கிறது என்ற தைரியம் மனிதர்களைச் சோம்பேறியாக்கியது. கரி பஸ் ஓட்டியவர்களுக்கு அந்தத் தைரியம் இல்லை. அதனால் விடியுமுன் எழுந்து உலை மூட்டினார்கள். இதை நான் வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். ஒரே மகன் உள்ள வீட்டில் தாய்க்கு மாத்திரை நேரத்துக்குப் போய்விடும். இரண்டு மகன்கள் இரண்டு ஊரில் இருக்கும் வீட்டில், அண்ணன் பார்த்துக்கொள்வான் என்று தம்பியும், தம்பி பக்கத்தில்தானே இருக்கிறான் என்று அண்ணனும் நினைக்க, மருந்துச் சீட்டு அப்படியே கிடக்கும். இருவருமே நல்ல பிள்ளைகள்தான். இன்னொருவன் இருக்கிறான் என்ற நினைப்பு இருவர் கையையும் தளர்த்திவிடுகிறது.

பழைய பிளக்-இன் வண்டியை வாங்குகிறவர் முந்தைய உரிமையாளரின் பழக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறார். அதனால் பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன் கேபிளைக் கேளுங்கள். கேபிள் இல்லை, தேடிப் பார்த்துத் தருகிறோம் என்றால் யோசியுங்கள். தனியாக வாங்கினால் அதன் விலை அதிகம். வண்டியை ஓர் இரவு முழுக்கச் சார்ஜில் போடச் சொல்லுங்கள். காலையில் டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, மின்சாரத்தில் மட்டும் ஓடும் முறையில் வைத்து, ஏசி போட்டுக்கொண்டு ரிங் ரோட்டில் போங்கள். இன்ஜின் தானாக எழும்பும்வரை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது புரோக்கர் சொல்லும் எந்த வார்த்தையைவிடவும் நம்பகமானது. முடிந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டு பேட்டரியின் நிலையையும் படித்துவிடுங்கள். உத்தரவாதத்தில் எவ்வளவு மிச்சம் என்றும் கேளுங்கள். இந்தியாவில் டொயோட்டா தன் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று வைத்திருக்கிறது. ஆறு வயது வண்டி என்றால் இரண்டு ஆண்டுதான் கையில் இருக்கிறது என்று பொருள். மற்ற நிறுவனங்களின் தாளையும் அப்படியே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சென்னை வண்டி என்றால் இன்னொன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே வெள்ளத்தில் நின்ற கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் அடியில் சேறு படிந்த கறை தெரியும். ஸ்டெப்னிக்கு அடியில் முகர்ந்தால் வாடை சொல்லிவிடும். நீர் புகுந்த உயரழுத்த பேட்டரியோடு பரிசோதனை வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் ஓடும் கேபிள்களைத் தெருமுனை மெக்கானிக் யாரும் தொடக்கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். நம் ஊர் மெக்கானிக்குகளின் கைவண்ணத்தில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் இது உயிர் போகும் மின்சாரம்.

வெளிமாநில வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, இங்கே சாலை வரி, புது நம்பர் எல்லாம் வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு சட்டப்படி கட்டாயம்.

செருகும் பழக்கம் வந்துவிட்டவர்களுக்கு எதிர்த் திசையில் ஒரு மறதி வரும். பெட்ரோல் பக்கத்தைக் கவனிக்கவே மாட்டார்கள். டேங்க்கில் கிடக்கும் பெட்ரோல் மாதக்கணக்கில் கெடாமல் இருக்காது. லேசான பகுதி ஆவியாகிவிடும், மிச்சம் பிசுபிசுக்கும். இப்போது பங்க்கில் கிடைப்பதோ 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அமெரிக்காவில் செவர்லே வோல்ட் காரைச் செய்தவர்கள் இதை முன்பே யோசித்தார்கள். ஆறு வாரமாக இன்ஜின் ஓடவில்லை என்றால் அந்தக் கார் தானாகவே இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டும். டேங்க்கிலுள்ள பெட்ரோலுக்கு ஒரு வயது ஆகிவிட்டால் அதை எரித்துத் தீர்க்கப் பார்க்கும். வண்டி செய்யும்வரை காத்திருக்காமல் நாமே செய்யலாம். நான் டேங்க்கை முழுதாக நிரப்புவதில்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது நான்குவழிச் சாலையில் மேலூரைத் தாண்டிப் போய், இன்ஜின் ஆயில் நன்றாகச் சூடேறும்வரை பெட்ரோலில் ஓட்டிவிட்டுத் திரும்புகிறேன். ஐந்து நிமிடம் ஓடி அணையும் இன்ஜினுக்குள் ஈரம் தங்கும். அரை மணி நேரம் ஓடினால் உலர்ந்துவிடும். ஓய்வு பெற்ற என் நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன், தினசரி சிறிது நடப்பதோடு அவ்வப்போது வியர்க்கவும் வேண்டும் என்று.

வீட்டுப் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. 15 ஆம்பியர் பாயிண்ட்டைத் தனி வயரில் இழுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எர்த் சரியாக இருக்க வேண்டும். நம் சமவெளி மண் பங்குனி, சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்துவிடும். உப்பும் கரியும் போட்ட எர்த் குழியில் கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது. எர்த் வலுவில்லை என்றால் பல கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். அது மறுப்பது நம் நன்மைக்கே. மின்கட்டணத்தையும் மனதில் வையுங்கள். நாளுக்கு 8 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்ந்து 500-ஐத் தாண்டும்போது கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் குறையும். அப்படியும் பெட்ரோலைவிட லாபம்தான், ஆனால் பில்லைப் பார்த்து யாரும் அதிரக்கூடாது. வெயிலில் நின்ற வண்டியை வந்ததும் செருகாமல், சூடு தணிந்து இரவில் செருகினால் பேட்டரிக்கு நல்லது. கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்பு, பிளக்கில் இருக்கும்போதே ஏசியை ஓடவிட்டால் உள்ளே குளிர்ந்துவிடும். பேட்டரியில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மிஞ்சும்.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே தங்கும் விடுதியில் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். வத்தலகுண்டு வரையிலான இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மின்சாரம் பிறக்கிறது. நிரம்பிய பேட்டரியில் அதற்கு இடமிருக்காது. சுமை முழுவதும் பிரேக் பட்டைமேல் விழும்.

இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹைபிரிட், பிளக்-இன் வண்டிகள் நம்மைவிட அதிகம். 2022-ல் அங்கே பெட்ரோலுக்கு க்யூ.ஆர். அட்டை வந்தது, காருக்கு வாரம் 20 லிட்டர். அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டும் இருந்தது. ஒரு சமயம் மின்சாரம் கைவிட்டது, ஒரு சமயம் பெட்ரோல் கைவிட்டது. இரண்டையும் பழக்கத்தில் வைத்திருந்தவர்களுக்குத்தான் இரண்டு சக்தி வண்டி உதவியிருக்கும்.

சொந்த வாசலில் நிறுத்த இடமும், அங்கே நல்ல எர்த்தோடு ஒரு பாயிண்ட்டும் இருந்து, பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓட்டுபவர் என்றால் பழைய பிளக்-இன் ஹைபிரிட்டைத் தயங்காமல் வாங்கலாம். அடுக்குமாடியில் செருக இடமில்லாதவர்களும், வாரம் இருமுறை சென்னைக்கு ஓட்டுபவர்களும் பிளக் இல்லாத ஹைபிரிட்டை வாங்குவதே நல்லது. சுமந்து திரியும் பேட்டரியின் எடையாவது மிச்சமாகும். ஏற்கெனவே வாங்கி, கேபிளை டிக்கியில் போட்டுவைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, இன்றிரவு படுக்கப் போகுமுன் அதை எடுத்துச் செருகிவிடுங்கள்.