செருப்பில் செய்த பிளாஸ்டர்

ஸ்டார் வார்ஸ் படத்தில் ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் தூக்கிக்கொண்டு அலையும் துப்பாக்கியைத் திருவண்ணாமலையிலேயே பார்த்திருக்கிறேன். கார்த்திகை தீபத்தன்று பந்தோபஸ்துக்கு நின்ற காவலர் ஒருவரின் தோளில் தொங்கியது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இ-11 என்று ரசிகர்கள் கொண்டாடும் அந்த பிளாஸ்டருக்குள் இருப்பது பிரிட்டனின் ஸ்டெர்லிங் சப்மெஷின் கன். அதையே உரிமம் பெற்று கான்பூரில் தயாரித்தார்கள். நம்ம போலீஸ் அதை கார்பைன் என்கிறது.

1977இல் வந்த முதல் படத்தில் செட் டெக்கரேட்டராக இருந்தவர் ரோஜர் கிறிஸ்டியன். கையில் காசு குறைவு. வாடகைக்கு எடுத்த ஸ்டெர்லிங் மேல் பழைய டாங்கித் தொலைநோக்கியை மாட்டி, குழலைச் சுற்றிப் பட்டைகளை ஒட்டினார். லூக்கின் லைட்சேபருக்குப் பழைய கேமரா ஃபிளாஷின் கைப்பிடி. அந்தக் கலைக்குழுவுக்கு 1978இல் ஆஸ்கர் கிடைத்தது.

அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். ஆன்லைனில் ஒரு பிளாஸ்டரைப் பார்த்துவைத்து வாங்கித் தரச் சொல்லிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயசு. "மாமா, அவங்ககிட்ட நிஜத் துப்பாக்கி இருந்துச்சு. நம்மகிட்ட என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. வீட்டைத் துழாவினோம்.

தண்ணிக் குழாய் போட்டபோது மிஞ்சிய முக்கால் இஞ்ச் பிவிசி பைப் ஒரு சாண். வார் அறுந்த ரப்பர் செருப்பு. மை தீர்ந்த மார்க்கர். பல் உடைந்த சீப்பு. செத்துப்போன டிவி ரிமோட். முதல்முறை செய்பவர்கள் மூன்றே வடிவங்களை மனதில் வைத்தால் போதும்: குழல், பிடி, மேலே ஒரு தொலைநோக்கி. செருப்பிலிருந்து ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி ஒட்டினால் பிடி. அதன் தலையில் பைப் உட்காரும்படி அரைவட்டமாகக் குடைய வேண்டும். பிளேடு வேலை மட்டும் பெரியவர்களுடையது. பைப்பை உப்புத்தாளால் தேய்த்து, இரு பக்கமும் ஃபெவிபாண்ட் தடவி, பத்து நிமிஷம் காயவிட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். இடுக்கில் எம்-சீல். மார்க்கர் தொலைநோக்கியானது, சீப்பு வெப்பம் தணிக்கும் தகடானது, ரிமோட்டின் ரப்பர் பொத்தான்கள் பக்கவாட்டில் ஏறின. கடையில் வாங்கியது பசைகளும் இரண்டு சின்ன பெயிண்ட் டப்பாக்களும்தான்.

அதுவரை அது குப்பைதான். அவள் முகமும் அப்படித்தான் இருந்தது. முழுக்க மங்கல் கறுப்பு அடித்ததும் செருப்பு காணாமல் போனது. ஒரே நிறம் வந்துவிட்டால் கண் பொருளைத் தேடாது, வடிவத்தை மட்டும் பார்க்கும். பிறகு பிரஷில் வெள்ளி நிறம் தொட்டு, பேப்பரில் துடைத்து, மிச்சத்தை விளிம்புகளில் மட்டும் உரசினோம். பல வருஷம் போரில் அடிபட்ட இரும்பு.

இது ஹாலிவுட் வித்தை மட்டுமில்லை. எங்கள் மாவட்டத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் பேர்போன ஊர். கூத்தில் ராஜாக்கள் அணியும் கிரீடமும் புஜக்கட்டையும் இலேசான மரம்தான், மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறிச் சிவனிடம் பாசுபதம் கேட்கும்போது, கீழே நிற்கும் சனம் அது என்ன மரம் என்றா விசாரிக்கிறது?

குழலின் முனையில் ஆரஞ்சு நிற பாட்டில் மூடி ஒன்றை மாட்டினேன். "கெடுத்துட்டீங்க மாமா" என்றாள். கிரிவலப் பாதையில் ராத்திரி இதோடு ஒரு பிள்ளை ஓடினால், நிஜத் துப்பாக்கி வைத்திருப்பவர் தூரத்திலிருந்து எதைப் பார்ப்பார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. கூத்துக்காரர் கையில் இருப்பது கூத்துச் சாமான் என்று ஊருக்கே தெரியும், அதனால்தான் பயமில்லாமல் நம்ப முடிகிறது. மூடி இருக்கட்டும் என்று அவளே சொன்னாள்.

ஆன்லைன் பிளாஸ்டர் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை. வேறு தொல்லை வந்திருக்கிறது. எதைப் பார்த்தாலும் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறாள். நேற்று அடுப்படியில் போய் நின்று கேட்டாள்: "ஆயா, குக்கர் கேஸ்கட்டை எப்ப மாத்தப் போற?"