கவலை மீன்

கவலை என்று ஒரு மீன் இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமோ? "கவலையை வறுக்கலாம், குழம்பு வைக்கலாம், காயப் போட்டுக் கருவாடும் ஆக்கலாம்" என்று நான் சொன்னால், சேலத்தில் என் அண்டை வீட்டு அம்மாள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கடலூர்ப் பக்கத்தில் சின்னச் சாளை மீனுக்கு அதுதான் பெயர். அந்தக் கவலையை நான் நாற்பது வருஷம் மனசுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். போன மாசி மாதம் கொல்லிமலையில் அது வெளியே வந்துவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மகள், மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேத்தி, நான் என்று நாலு பேரும் காரில் புறப்பட்டோம். காரவல்லியிலிருந்து மேலே ஏற எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பேத்தி முப்பத்திரண்டு வரை எண்ணிவிட்டுத் தூங்கிப் போனாள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஐயாற்றைக் கண்டதும்தான் அவளுக்கு உற்சாகம் வந்தது. அந்த ஆற்று மீன்களை யாரும் பிடிப்பதில்லை. முன்னொரு காலத்தில் யாரோ பிடித்து அறுத்துச் சமைக்கப் போக, துண்டுகள் ஒன்றாய்ப் பொருந்தி, மீன் துள்ளிக் குதித்துத் தண்ணீருக்கே திரும்பிவிட்டதாம். அதனால் வருகிறவர்கள் மீனுக்குப் பொரி போட்டு வணங்குகிறார்கள்.

நாங்களும் பொரி போட்டோம். மீன்கள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. பேத்தி திடீரென்று கேட்டாள்:

"பாட்டி, இந்த மீனுக்கு நாம பொரி போடறோம். கடல்ல இருக்கிற மீனுக்கு யாரு போடுவாங்க?"

"பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும்" என்றார் மாப்பிள்ளை.

"சின்ன மீன்?"

"அதைவிடச் சின்ன மீனை."

"எல்லாத்திலும் சின்ன மீன் என்ன தின்னும்?"

மாப்பிள்ளை கோயில் கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு விடை தெரியும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தவள் அல்லவா? ஆனாலும் வாய் திறக்கவில்லை. அதற்கும் காரணம் இருந்தது.

கீழே இறங்கும் வழியில் சோளக்காட்டில் சந்தை கூடியிருந்தது. வாழைத்தார், அன்னாசி, மிளகு எல்லாம் மலைமலையாய்க் குவிந்திருக்க, ஒரு மூலையில் சாக்கை விரித்துக் கருவாடு பரப்பியிருந்தார்கள். கடல் அங்கிருந்து கிழக்கே சுமார் நூறு மைல். அவ்வளவு தூரம் தாண்டி மலை ஏறி வந்த சரக்கு!

"சீ, நாத்தம்!" என்று பேத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். மகளும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "வாங்கம்மா, போகலாம்" என்றாள்.

குவியலில் பார்த்தேன். காய்ந்து சுருண்ட கவலை. என் அப்பாவின் கைவிரல்களில் ஒட்டியிருக்குமே, அதே வெள்ளிச் செதில்.

சகோதரிகளே, என் மகளுக்கு நான் சொல்லி வைத்திருந்தது என்ன தெரியுமா? "உன் தாத்தா கடலூரில் வியாபாரம் செய்தார்." அவ்வளவுதான். அப்பா என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். என்னோடு சேலத்துக்கு வந்துவிட்ட அம்மாவும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். அவர் அதைக் குறைவாக நினைத்ததே இல்லை. வெட்கப்பட்டவள் நான்தான். கடல் உயிர்களைப் பற்றிய பாடத்தை வருஷா வருஷம் நடத்தினேன். ஒரு தடவையாவது, "என் அப்பா செம்படவர்" என்று சொன்னதில்லை.

அந்தச் சந்தையில் ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்து, பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டேன். "உன் கொள்ளுத் தாத்தா கட்டுமரத்தில் போய்க் கவலை பிடித்தவர். உன் கேள்விக்கு அவர் பதிலைச் சொல்கிறேன், கேள்" என்றேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

கடல் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்துப் பார்த்தால் வெறும் தண்ணீர்தான். பூதக்கண்ணாடியில் வைத்தால் அது ஒரு தோட்டம்! கண்ணுக்குத் தெரியாத செடியினங்கள் ஆயிரக் கணக்கில் மிதக்கும். நீரோட்டம் போகிற பக்கம் அவையும் போவதால் 'அலைந்து திரிவது' என்ற பொருளில் பிளாங்டன் என்று 1887-ல் பெயர் வைத்தார் விக்டர் ஹென்சன் என்ற ஜெர்மானியர். அவற்றில் டயாட்டம் என்ற வகைக்கு உடம்பெல்லாம் கண்ணாடி ஓடு. குங்குமச் சிமிழும் மூடியும் போல இரண்டு பாதிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தியிருக்கும். இந்தச் செடிகளை மேய்கிற, அரிசி நொய்யிலும் சிறிய இறால் இனத்துப் பிராணிகளும் உண்டு. கவலைக்கு இரண்டுமே சாப்பாடு.

எப்படிச் சாப்பிடுகிறது? நம் வீட்டுச் சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். கவலையின் செவுளுக்கு உட்புறம் சீப்புப் பற்களைப் போல நெருக்கமான முட்கள் உண்டு. வாயைத் திறந்தபடியே நீந்தும். தண்ணீர் செவுள் வழியே வெளியேறும். சாப்பாடு முட்களில் தங்கும். ஆயிரம் ஆயிரமாய்க் கூடி நீந்துவதால், ஒன்று நல்ல மேய்ச்சலைக் கண்டுகொண்டு திரும்பினால் மற்றவையும் திரும்பும். பக்கத்து மீன் அசைந்தால் தண்ணீரில் உண்டாகும் அதிர்வை உணரத் தலையிலே நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. அதனால் இருட்டிலும் இடித்துக்கொள்வதில்லை. அமாவாசை இரவில், மினுக்கும் வகைப் பிளாங்டன் நிறைந்த நீரில் மீன் கூட்டம் புகுந்தால், கடலுக்கடியில் தீபாராதனை காட்டுவது போல இருக்கும் என்பார் அப்பா. அதைப் பார்த்துத்தான் வலை போடுவார்கள்.

"கவலை வந்தால் நமக்குக் கவலை இல்லை, வராவிட்டால்தான் கவலை" என்பதும் அவர் சொல்தான். வராத வருஷங்களும் உண்டு. அப்போது அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகும். கடலம்மா கோபித்துக்கொண்டாள் என்று நினைப்போம். மேய்ச்சல் பொய்த்தால் மந்தை வராது என்று பின்னால்தான் படித்தேன். ஃப்ராஜிலேரியா என்ற ஒரு டயாட்டம் கடலில் பெருகினால் கவலையின் அண்ணனான மத்தியும் பெருகும் என்று நாயர், சுப்பிரமணியன் என்ற இரு நம் நாட்டு விஞ்ஞானிகள் 1955-ல் எழுதினார்கள். கேரளத்தில் 2012-ல் சுமார் நாலு லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-ல் 3,297 டன்னாகச் சுருங்கிப் போயிற்று. எத்தனை கம்மல்கள் அடகுக்குப் போயினவோ! பிறகு அது மறுபடியும் தலைகாட்டியது.

"சரி பாட்டி, அந்தச் செடிக்கு யாரு சாப்பாடு போடுவாங்க?" என்றாள் பேத்தி. விட்டால்தானே!

"வெயில் போடும். ஆழத்திலிருந்து மேலே வரும் தண்ணீர் போடும். இந்த மலையும் போடும்" என்றேன். டயாட்டத்தின் கண்ணாடி ஓட்டுக்கு வேண்டிய சிலிக்காவை, பாறைகளைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்க் கடலில் சேர்ப்பவை ஆறுகள்தாம். ஐயாறு மலையிறங்கிக் காவிரியில் சேருகிறது. காவிரி கடலில் சேருகிறது. மலை அனுப்பிய சத்து, மீனாகிக் கருவாடாகி மறுபடியும் மலை ஏறி வந்திருக்கிறது. இதில் நாற்றம் எங்கே இருக்கிறது?

நிமிர்ந்து பார்த்தேன். பின்னால் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் கேட்டாளோ, தெரியாது. ஒன்றும் பேசாமல் சாக்கு விரித்திருந்த இடத்துக்குப் போய், அரைக் கிலோ கவலைக் கருவாடு வாங்கி வந்தாள். எழுபது வளைவும் மாப்பிள்ளை கார்க் கண்ணாடியை ஏற்றவே இல்லை, பாவம்!

போன வாரம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் 'என் குடும்பம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். முதல் வரி: "என் கொள்ளுத் தாத்தா கடலில் கவலை பிடித்தார்." வாத்தியாரம்மா 'கவலை'யைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறாள்.

நாளைக்கு நானே பள்ளிக்கூடத்துக்குப் போய் விளக்கம் சொல்லிவிட்டு வரப் போகிறேன்.